அகதி ஒருவரின் எண்கள்

1933ஆம் ஆண்டு ஹிட்லர் யேர்மனியின் ஆட்சியைக் கைப்பற்றினார். அவ்வாண்டே பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் தாயுடனும் தமையனுடனும் பாலஸ்தீனத்திற்குப் புறப்பட்டான். கணித உலகம் பின்னாளில் போற்றிய ஆபிரகாம் றொபின்சனே அச்சிறுவன்.

இன்று போலந்துக்குரிய வால்டென்பூர்க் நகரில், 1918 ஒக்ரோபர் 6ஆம் நாள் யூதக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். பிறக்குமுன்னரே தந்தை காலமாகிவிட, ஆசிரியையான தாயே அவரை வளர்த்தார். எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிரெங்கலிடம் அளவையியலும் தொடைக் கொள்கையும் கற்றார். 1939இல் பாரிஸ் சென்று கற்பதற்குப் புலமைப்பரிசில் பெற்றார். மறு ஆண்டு யூன் மாதம் யேர்மன் படைகள் பாரிசை நெருங்கவே, மீண்டும் அகதியானார். பொர்தோ துறைமுகத்தை அடைந்து, கப்பலேறி இங்கிலாந்து சேர்ந்தார்.

அங்கே சுதந்திர பிரெஞ்சு விமானப்படையில் இணைந்தார். பின்னர் பாண்பரோ ஆய்வுநிலையத்தில் விமானச் சிறகுகளைப் பற்றி ஆராயும் பணி கிடைத்தது. தாம் கல்லாத துறையாயினும் அதிலும் வல்லுநரானார். ஆனால் அளவையியலைக் கைவிடவில்லை. முப்பது வயதை எட்டியபின், 1949இல், இலண்டன் பல்கலைக்கழகத்தில் அத்துறையிலேயே கலாநிதிப் பட்டம் பெற்றார்.

அவரது பெருஞ்சாதனை 1960இல் பிறந்தது. லைப்னிட்ஸ் நுண்கணிதத்தை அமைத்தபோது, பூச்சியமல்லாத, ஆனால் எந்தப் பின்னத்திலும் சிறிய எண்களைக் கையாண்டார். அவற்றுக்கு உறுதியான அடிப்படை இல்லையென்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் கணிதவியலாளர் அவற்றை விலக்கினர். றொபின்சன் அளவையியலின் துணையால் அவற்றுக்கு அடிப்படை அளித்தார்.

இவ்வெண்களை அல்ட்ரா பெருக்கம் என்னும் அமைப்பாலும் கட்டலாம். முடிவற்ற எண்தொடர் ஒவ்வொன்றையும் ஒரு புதிய எண்ணாகக் கொள்க. இரு தொடர்கள் ‘பெரிய’ இடத்தொகுதி ஒன்றில் ஒத்திருந்தால் அவை ஒரே எண். எத்தொகுதி பெரியது என்பதை முன்கூட்டியே விதித்துக்கொள்ளவேண்டும்; முடிவுள்ள தொகுதி எதுவும் பெரியதன்று. அப்போது ஒன்று, அரை, மூன்றிலொன்று எனச் செல்லும் தொடர் பூச்சியத்திலும் பெரியது. ஆயினும் சாதாரண நேரெண் எதனிலும் சிறியது. போலந்து அறிஞர் வொஷ் 1955இல் நிறுவிய தேற்றத்தின்படி, மெய்யெண்களின் முதல்வரிசை விதிகள் யாவும் இப்புதிய எண்களுக்கும் பொருந்தும்.

1966இல் றொபின்சனும் அவர் மாணவர் பேண்ஸ்டைனும் ஹில்பேட் வெளிச் செயலிகள் பற்றிய திறந்த வினாவொன்றுக்கு இம்முறையால் விடை கண்டனர். அதே இதழில் ஹல்மோஸ் அவ்விடையைப் பழைய முறையிலும் நிறுவிக் காட்டினார். எனினும் வழியை முதலில் காட்டியவை புதிய எண்களே.

ரொறன்ரோ, எருசலேம், கலிபோர்னியா, யேல் எனப் பல இடங்களில் கற்பித்த அவர், 1974 ஏப்ரல் 11ஆம் நாள் தமது ஐம்பத்தைந்தாவது வயதில் மறைந்தார்.

கற்ற துறை ஒன்றாகவும் செய்யும் தொழில் வேறாகவும் வாழ்வோர் நம்மிடையே பலர். சிறகுகளை ஆராய்ந்த ஆண்டுகளிலும் றொபின்சன் தம் துறையை மறக்கவில்லை. அதனை நாமும் நினைவிற்கொள்வோம்.