பிழையை மறைக்காத மருத்துவர் அர்ராஸி

நோயுற்றவர் மருத்துவரிடம் தம் உடலை மட்டும் ஒப்படைப்பதில்லை. தம் அச்சத்தையும் அந்தரங்கத்தையும் நம்பிக்கையையும் சேர்த்தே ஒப்படைக்கிறார். அந்த அமானிதத்தைக் காக்க அறிவு வேண்டும்; அறிவோடு இரக்கமும் வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே அமையப்பெற்ற பெருமகனாராக ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர் அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்ராஸி.

ஈரானின் தலைநகராகிய தெஹ்ரானை அடுத்துள்ளது ரய் என்னும் பழம்பெரும் நகரம். அங்கே ஹிஜ்ரி 251-ல் (கி.பி. 865) அவர் பிறந்தார். ஊரின் பெயரே அவருக்கு ராஸி என்னும் பெயரைத் தந்தது. திருக்குர்ஆன் விரிவுரையாளர் இமாம் ஃபக்ருத்தீன் ராஸியும் அவ்வூரினரே. ஆனால், அவர் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் பிற்பட்டவர். இருவரையும் ஒருவராகக் கருதலாகாது.

இளமையில் இசையிலும் ரசவாதத்திலும் நாட்டம் கொண்டிருந்த அர்ராஸி, சற்று வயது முதிர்ந்த பின்னரே மருத்துவக் கல்வியில் இறங்கினார். தாமதமாகத் தொடங்கினாலும் விரைந்து உயர்ந்தார். முதலில் ரய் நகரிலும் பின்னர் கலீஃபாக்களின் தலைநகராம் பக்தாதிலும் மருத்துவமனைத் தலைமைப் பொறுப்பு அவரைத் தேடி வந்தது.

அவருடைய மருத்துவ அவை நடந்த முறையை, அதே நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு நதீம் தம் நூலில் பதிந்து வைத்துள்ளார். ஆசானைச் சுற்றி மாணவர்கள் வட்டம் வட்டமாக அமர்ந்திருப்பர். வருகின்ற நோயாளி முதலில் வெளிவட்டத்து மாணவரிடம் தம் துன்பத்தைச் சொல்வார். அவர்களுக்குத் தெளிவு பிறக்காவிடில் அடுத்த வட்டத்தார் ஆராய்வர். எவருக்கும் விளங்காதபோது அர்ராஸியே பேசுவார். இதனால் மாணவர்க்குப் பயிற்சி கிட்டியது. நோயாளிக்கோ பலரது கவனம் கிட்டியது.

ஏழைகளிடம் அவர் காட்டிய பரிவு தனிச் சிறப்புடையது. வறியோருக்குச் சிகிச்சை அளித்ததோடு நில்லாமல், அவர்கள் உண்டு வாழப் பொருளுதவியும் செய்துவந்தார். மருத்துவரை அணுக வழியற்றோர் தமக்குத் தாமே உதவிக்கொள்ளுமாறு, எளிதில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே ஒரு கைந்நூலும் எழுதினார். மாணவர் ஒருவருக்கு வரைந்த மடலிலோ, நோயாளியின் இரகசியத்தைக் காக்கவும், செல்வரைக் கவனிப்பது போலவே வறியவரையும் கவனிக்கவும் அறிவுறுத்தினார்.

இத்தனை சிறப்புகளுக்கும் மேலாக நம் உள்ளத்தைத் தொடுவது அவருடைய நேர்மையே. அப்துல்லாஹ் இப்னு ஸவாதா என்பவர் ஓயாத காய்ச்சலுடன் அவரிடம் வந்தார். அது ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், சிலவேளை நாள்தோறும் வரும், நடுக்கமும் உண்டு. அடிக்கடி சிறுநீர் கழிந்தது. இது முறைக்காய்ச்சலாக மாறக்கூடும், அன்றேல் சிறுநீரகத்தில் சீழ்க்கட்டி இருக்கக்கூடும் என்று அர்ராஸி இருவிதமாகக் கருதினார். உறுதியாக ஒன்றையும் சொல்லவில்லை. சில நாட்களில் சிறுநீரோடு சீழ் வெளிப்பட்டது. கட்டியே காரணமெனத் தெளிவாயிற்று. அதற்கேற்ற மருந்துகள் அளிக்கப்பட்டன. ஏறக்குறைய இரண்டு மாதங்களில் நோயாளி முழு நலம் பெற்றார்.

நோயாளி பிழைத்துக்கொண்டார், மருத்துவருக்குப் புகழும் கிடைத்தது. இங்கே கதையை முடித்திருக்கலாம். அர்ராஸியோ அப்படிச் செய்யவில்லை. எழுந்து நிற்கையில் இடுப்பில் பாரம் தொங்குவதுபோல் இருந்ததா என்று கேட்கத் தவறியது தம் குறையே என்று எழுதிவைத்தார். நோயாளியும் அதைச் சொல்லவில்லை என்பதைக் குறிப்பிட்டாலும், கேட்க வேண்டிய கடமை தமக்கிருந்ததை மறைக்கவில்லை. இனியேனும் எச்சரிக்கையாக இருக்கவேண்டும் என்று தமக்கே அறிவுரையும் கூறிக்கொண்டார். புகழின் உச்சியிலிருந்த ஒருவர், யாரும் கண்டறியாத தம் தவறைத் தம் கையாலேயே எழுதிவைக்கிறார் என்றால், அது எத்தகைய உள்ளம்! அந்த ஒரு கேள்வியைக் கேட்க மறவாத மருத்துவரால், பின்னாளில் வேறொரு நோயாளி காக்கப்படலாம் அன்றோ?

பெரியம்மை, தட்டம்மை இரண்டையும் வேறுபடுத்திக் காட்டி அவர் எழுதிய நூல் உலகப் புகழ் பெற்றது. முதுகுவலி மிகுதியாயின் பெரியம்மை என்றும், மனக்கலக்கமும் குமட்டலும் மிகுதியாயின் தட்டம்மை என்றும் அறிகுறிகளை அவர் பகுத்துரைத்தார். பெரியம்மை உலகை விட்டே ஒழிந்ததென 1980-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்நோயை நுணுகி நோக்கி நூல் செய்தவர்களின் வரிசையில் அவருக்கு முதன்மையான இடம் உண்டு.

தத்துவத் துறையில் அவர் கொண்ட சில கருத்துகளை மார்க்க அறிஞர் பலர் கடுமையாக மறுத்தனர். ஆயினும் மருத்துவத்தில் அவர் பெற்றிருந்த மதிப்பு குன்றவில்லை.

பெருநூல் ஒன்றுக்காகப் பதினைந்து ஆண்டுகள் இரவு பகலாக உழைத்ததில் பார்வை மங்கியது, கைத்தசையும் தளர்ந்தது. அப்போதும் பிறரைக் கொண்டு படிக்கவும் எழுதவும் செய்து பணியைத் தொடர்ந்தார். இறுதியில் பார்வையை முற்றிலும் இழந்தார். எத்தனையோ கண்களுக்கு மருந்து சொன்னவர், தம் கண்கள் இருண்ட நிலையில், ஹிஜ்ரி 313-ல் (கி.பி. 925) பிறந்த ஊரிலேயே இறையடி சேர்ந்தார்.

அவர் விட்டுச்சென்ற குறிப்புகள் அவருடைய சகோதரியிடம் இருந்தன. அமைச்சர் இப்னுல் அமீது அவற்றைப் பெற்று, மாணவர்களைக் கொண்டு தொகுக்கச் செய்தார். அதுவே அல்ஹாவி என்னும் மாபெரும் மருத்துவக் களஞ்சியம். 1279-ல் சிசிலியைச் சேர்ந்த ஃபரஜ் இப்னு ஸாலிம் என்னும் யூத மருத்துவர் அதை இலத்தீனில் பெயர்த்தார். ஐரோப்பிய மருத்துவர்கள் நெடுங்காலம் அதைக் கற்றனர்.

இன்று நம் இல்லங்களிலிருந்தும் மருத்துவர்களும் செவிலியரும் உருவாகி வருகின்றனர். அவர்கள் கைகளில் அர்ராஸி கனவிலும் காணாத கருவிகள் உள்ளன. எனினும் நோயாளியின் அருகே அமர்ந்து, பொறுமையாய்க் கேட்க வேண்டியதைக் கேட்பதும், தவறியதை ஒப்புக்கொள்வதும் எந்தக் கருவியும் செய்துதர முடியாத பணிகள். அவற்றைக் கற்க விரும்புவோருக்கு, ரய் நகரத்து அப்பெருமகனார் இன்றும் ஆசானே.