வீர மருத்துவர் நோயல் ஷவாஸ்

உடல் வலிமை எதன்பொருட்டு வேண்டும்? பந்தயத்தில் வெற்றி பெறுதற்கு என்பர் சிலர்; பகைவரை அடக்குதற்கு என்பர் வேறு சிலர். விழுந்தவரைத் தூக்கிக் காப்பதற்கே வலிமை வேண்டும் என்று தம் வாழ்வினால் விடை கூறினார் ஒருவர். அவரே நோயல் ஷவாஸ் என்னும் ஆங்கில மருத்துவர். அவர்தம் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

இங்கிலாந்து நாட்டில் ஆக்ஸ்போர்டு நகரில் 1884ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 9ஆம் நாள் நோயல் பிறந்தார். அவரும் கிறிஸ்டபர் என்பவரும் இரட்டைப் பிள்ளைகள். பிறந்தபோது இருவரும் மெலிந்து நலிந்திருந்தனர். இக்குழவிகளே பின்னாளில் நாடு போற்றும் ஓட்ட வீரர்களாய் விளங்குவர் என்று அன்று யாரும் எண்ணியிரார்.

தந்தையார் பிரான்சிஸ் ஜேம்ஸ் ஷவாஸ் 1900ஆம் ஆண்டில் லிவர்ப்பூல் நகரின் பேராயரானார். ஆகவே குடும்பம் அத்துறைமுக நகரிற் குடியேறியது. கப்பல்களும் பண்டசாலைகளும் நிறைந்த அந்நகரில் செல்வமும் உண்டு, வறுமையும் உண்டு. கூலித் தொழிலாளரும் அவர்தம் பிள்ளைகளும் படும் துன்பத்தை நோயல் இளமையிலேயே கண்டார். அக்காட்சி அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

கல்வியும் விளையாட்டும்

சகோதரர் இருவரும் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக் கழகத்தைச் சார்ந்த டிரினிட்டி கல்லூரியிற் சேர்ந்தனர். நோயல் கல்வியில் மட்டுமன்றி விளையாட்டிலும் ஊக்கமுடையவர். ரக்பிப் பந்தாட்டம் ஆடினார். அவ்வாட்டத்தில் அணிக்குப் பதினைவர். பந்தைக் கையில் ஏந்தியவண்ணம் ஒருவன் விரைந்தோட, எதிரணியினர் பாய்ந்து அவனைத் தழுவி வீழ்த்துவர். வீழ்ந்தவன் மண்ணைத் துடைத்துக்கொண்டு மீண்டும் எழுந்தோடல் வேண்டும். அஞ்சாமையும் தோழரைக் கைவிடாமையும் அவ்வாட்டம் கற்பிக்கும் பாடங்கள்.

ஓட்டத்திலும் இரட்டையர் இருவரும் பல்கலைக் கழகச் சிறப்புப் பெற்றனர். 1907ஆம் ஆண்டில் நோயல் முதல் வகுப்பில் தேறினார். அடுத்த ஆண்டு இலண்டனில் நிகழ்ந்த ஒலிம்பிக் விழாவில் இருவரும் 400 மீட்டர் ஓட்டத்திற் கலந்துகொண்டனர். தமக்குரிய தொடக்கப் பந்தயத்தில் நோயல் மூன்றாமவராகவே வந்தார். ஆதலின் அடுத்த சுற்றுக்குச் செல்ல இயலவில்லை. எனினும் அந்த 400 மீட்டர்த் தொலைவை நாம் நினைவிற் கொள்வோம்.

ஆசானும் மருத்துவமும்

பின்னர் நோயல் லிவர்ப்பூல் நகரில் மருத்துவம் பயின்று, 1912ஆம் ஆண்டில் மருத்துவராகப் பதிவு பெற்றார். அந்நகர் எலும்பு மருத்துவத்திற்குப் பெயர் பெற்றது. ஹியூ ஓவன் தாமஸ் என்னும் பெரியார் அங்கே ஏழைகளுக்கு ஞாயிறுதோறும் பொருள் பெறாது மருத்துவம் செய்தவர். நோயுற்ற முழங்காலை அசையாது நிறுத்தி ஓய்வு கொடுத்தற்கு அவர் ஓர் இரும்புச் சட்டம் அமைத்தார். அதுவே தாமஸ் சட்டம் எனப்படும். அவர்தம் உறவினரும் மாணவருமான ராபர்ட் ஜோன்ஸ், முழங்கால் மூட்டினுள் கிழிந்த குருத்தெலும்பை அறுத்தகற்றுவதில் வல்லவர். பந்தாடுவோரை மிகுதியும் வருத்துவது இக்காயமே.

இத்தகைய ஆசானிடம், ராயல் சதர்ன் மருத்துவமனையில், உதவி அறுவை மருத்துவராகப் பணியாற்றும் பேறு நோயலுக்குக் கிட்டியது. முடங்கிய காலை நிமிர்த்து மனிதனை மீண்டும் நடக்கச் செய்வதே தம் வாழ்நாட் பணி என்று அவர் கருதினார்.

போர்க்களம்

1914ஆம் ஆண்டில் முதல் உலகப் போர் மூண்டது. லிவர்ப்பூல் ஸ்காட்டிஷ் என்னும் படைப்பிரிவின் மருத்துவராக நோயல் பிரான்சு நாட்டிற்குச் சென்றார். படைவீரர் நாள்தோறும் சேறும் பனிநீரும் நிறைந்த அகழிகளில் நின்றனர். குண்டினால் வீழ்ந்தோர் போக, ஈரத்தினால் கால் அழுகி வீழ்ந்தோரும் பலர். நோயல் அவர்தம் கால்களைப் பேணுவதிற் கண்ணுங் கருத்துமாய் இருந்தார்.

1915ஆம் ஆண்டு ஜூன் திங்கள் ஹூஜ் என்னுமிடத்தில் பெரும்போர் நிகழ்ந்தது. இரு படைகட்கும் இடைப்பட்ட வெளியில் நோயல் நெடுநேரம் காயமுற்றோரைத் தேடித் திரிந்தார். அதற்காக மிலிட்டரி கிராஸ் என்னும் பதக்கம் பெற்றார்.

1916ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 9ஆம் நாள் கில்மான் என்னும் சிற்றூரருகே போர் கடுமையாயிற்று. பகல் முழுவதும் பகைவர் காணும் வெட்டவெளியிலேயே நோயல் மருந்திட்டார்; இரவில் நான்கு மணி நேரம் பகைவர் அணியின் முன்னே தேடினார். மறுநாள் குண்டுமாரியினிடையே, துணைவர் ஒருவருடன், உயிருக்குப் போராடிய வீரர் ஒருவரை 500 கெசத் தொலைவு தூக்கிச் சென்றார். வழியிற் குண்டுச் சிதறல் ஒன்று அவர் விலாவைத் தாக்கியது. ஆயினும் சுமையை இறக்கினாரல்லர். அன்றிரவே இருபது தொண்டருடன் சென்று, பகைவர் அகழிக்கு 75 அடித் தொலைவிற் கிடந்த மூவரை மீட்டார். அந்நாட்களில் அவரால் உயிர் பிழைத்தோர் இருபதின்மர் என்பர்.

மாணவர்களே, 500 கெசம் என்பது அவர் ஒலிம்பிக் விழாவில் ஓடிய தொலைவினும் சற்றே மிகுதி. அன்று கையில் சுமையின்றி ஓடினார், கண்டோர் ஆரவாரித்தனர். இன்றோ ஆரவாரிப்பார் இல்லை. கையில் ஓர் உயிர் இருந்தது. எந்த ஓட்டம் பெரிது என்று நீங்களே கூறுங்கள். இச்செயலுக்காக வீரச் சிறப்புக்களுள் தலையாய விக்டோரியா சிலுவை அவருக்கு அளிக்கப்பெற்றது.

இறுதிப் பணி

நோயலுக்கு உறவினர் மகள் ஒருவரை மணம் பேசி முடித்திருந்தனர். இல்லறம் அவரை எதிர்நோக்கியிருந்தது. அந்நிலையில், 1917ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31ஆம் நாள் பெல்ஜியம் நாட்டில் மீண்டும் பெரும்போர் தொடங்கியது. காயமுற்ற வீரர் ஒருவரைத் தூக்கி வருகையில் நோயலின் தலையிற் காயம் பட்டது. அவர் அப்போதே பின்வாங்கிச் சென்றிருக்கலாம். சென்றிருப்பின் உயிர் பிழைத்திருத்தலும் கூடும். அவரோ காயத்திற்குக் கட்டுப் போட்டுக்கொண்டு பணியைத் தொடர்ந்தார். போதிய உணவின்றி, உறக்கமின்றி, சேற்றில் நடந்து நடந்து பலரைத் தேடிக் கொணர்ந்தார். ஆகஸ்டுத் திங்கள் 2ஆம் நாள் விடியுமுன் அவர் இருந்த நிலவறையிற் குண்டொன்று வெடித்தது. வயிற்றிற் பெருங்காயம் பட்டது. மருத்துவர்கள் அறுவை செய்தும் பயனில்லை. 4ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவர்க்கு வயது 32. தாம் ஏன் பின்வாங்கவில்லை என்பதற்குக் கடமை அழைத்தமையே காரணம் என்று, மணம் பேசிய நங்கைக்கு இறுதிச் செய்தி விடுத்தார்.

அவர் மறைந்தபின் விக்டோரியா சிலுவை இரண்டாம் முறையும் அவருக்கு வழங்கப்பெற்றது. அச்சிறப்பை இருமுறை பெற்றோர் மூவரே. பிராண்ட்ஹூக் என்னுமிடத்தில் உள்ள அவர் கல்லறைக் கல்லில் இரண்டு சிலுவைகள் பொறிக்கப்பெற்றுள்ளன.

பிற உயிரைப் போக்கி அவர் அச்சிறப்பைப் பெற்றாரல்லர். பிற உயிரைக் காத்தே பெற்றார். ஆடுகளத்தில் ஓடிப் பழகிய கால்களும், மருத்துவமனையிற் பழகிய கைகளும், ஏழைகள்பால் இரங்கிய நெஞ்சமும் ஒருங்கே அவருக்குத் துணைநின்றன. இளமையில் நாம் ஈட்டும் வலிமையும் கல்வியும் பிறர் துன்பம் துடைக்கப் பயன்படுமாயின், நம் வாழ்வும் பொருளுடையதாகும்.