முகம் வருவதற்கு முன்பே வந்த குரல்: 'பராசக்தி'க்கு முன்னால் சிவாஜி செய்த டப்பிங் வேலை

1951-ம் ஆண்டு. தமிழகத் தியேட்டர்களில் 'நிரபராதி' என்ற படம் ஓடுகிறது. தெலுங்கில் 'நிர்தோஷி' என்று எடுக்கப்பட்ட படத்தின் தமிழ் வடிவம் அது. திரையில் தெரியும் முகம் தெலுங்கு நடிகர் முக்காமலாவுடையது. ஆனால் தமிழில் பேசும் குரல் அவருடையது இல்லை. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த, திருச்சியில் வளர்ந்த ஒரு நாடக நடிகரின் குரல்.

அடுத்த வருடமே அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த முகமாகிவிட்டார். அவர்தான் சிவாஜி கணேசன். 'பராசக்தி'யில் தொடங்கியது அவரது திரை வாழ்க்கை என்றுதான் பலரும் நினைக்கிறோம். முகத்துக்கு அது சரி. குரல் அதற்கு முன்பே வந்துவிட்டது.

சங்கிலியாண்டபுரத்துப் பையன்

விழுப்புரம் சின்னையா கணேசன் பிறந்தது 1928 அக்டோபர் 1. அப்பா சின்னையா மன்றாயர் ரயில்வே ஊழியர், சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். அம்மா ராஜாமணி அம்மாள். கணேசனின் சிறு வயது கழிந்தது திருச்சி சங்கிலியாண்டபுரத்தில்.

அந்த வயதில் அவர் பார்த்த கட்டபொம்மன் நாடகம் மனசில் அப்படியே ஒட்டிக்கொண்டது. திருச்சியில் முகாமிட்டிருந்த பாய்ஸ் கம்பெனி ஒன்றில், தனக்கு யாருமில்லை, அநாதை என்று பொய் சொல்லிச் சேர்ந்துகொண்டார். முதல் வேடம் சீதை!

பாய்ஸ் கம்பெனி என்பது ஜாலியான இடம் கிடையாது. வீட்டைப் பார்க்காமல் வருடக்கணக்கில் ஊர் ஊராகச் சுற்ற வேண்டும். பாட்டு, வசனம், நடனம், சண்டை என எல்லாம் கற்றுக்கொள்ள வேண்டும். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒவ்வொரு எழுத்தும் கேட்க வேண்டும். சிவாஜி பேசும்போது 'ல', 'ழ', 'ள' தனித்தனியாக விழுவதற்குக் காரணம் இந்தப் பயிற்சிதான்.

பிறகு அறிஞர் அண்ணா எழுதிய 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் மராட்டிய மன்னர் வேடம். அதைப் பார்த்த பெரியார் வைத்த பெயர்தான் 'சிவாஜி'. நாடக உலகில் பெயர் கிடைத்தாச்சு. ஆனால் சினிமாவுக்கு ஒல்லியான உடம்பு ஒரு தடை. குரலுக்கு அந்தத் தடை இல்லை.

உதட்டுக்கு ஏற்ற வார்த்தை

ஒரு மொழிப் படத்துக்கு இன்னொரு மொழியில் குரல் கொடுப்பது அப்போது புதிய தொழில். 1943-ல் வந்த கன்னட 'ஹரிச்சந்திரா'வை, ஏ.வி.மெய்யப்பன் தமிழில் டப் செய்து 1944-ல் வெளியிட்டார். தமிழில் டப் ஆன முதல் படம் அதுதான். அடுத்த 7 வருடத்தில் வந்தது 'நிரபராதி'.

அந்தக் காலத்து டப்பிங் எப்படி நடக்கும்? ஒரு காட்சியின் சிறு துண்டு ஃபிலிமை வெட்டி, இரண்டு முனையையும் ஒட்டி வளையமாக்குவார்கள். இதுக்குப் பெயர் 'லூப்'. அது திரையில் திரும்பத் திரும்ப ஓடும். நடிகர் இருட்டு அறையில் மைக் முன்னால் நின்று, உதடு எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்று மனப்பாடம் செய்து பேச வேண்டும். ஒலியும் ஃபிலிமில்தான் பதிவாகும். லேபில் கழுவிய பிறகுதான் சரியாக வந்திருக்கிறதா என்று கேட்கவே முடியும்.

இங்கே மொழி ஒரு வேலை காட்டும். தெலுங்கில் பெரும்பாலான சொற்கள் உயிரொலியில் முடியும், அதாவது வாய் திறந்தபடி. தமிழில் ஏராளமான சொற்கள் மெய்யெழுத்தில் முடியும். தெலுங்கு நடிகர் 'வத்து' என்று மறுக்கும்போது வாய் திறந்தே இருக்கிறது. அந்த இடத்தில் தமிழில் 'வேண்டாம்' என்று வைத்தால், 'ம்'முக்கு உதடு மூட வேண்டும். திரையில் மூடாது. பார்ப்பவருக்கு ஏதோ இடிக்கும். 'கூடாது' என்று மாற்றினால் முடிவு பொருந்தும், ஆனால் கொஞ்சம் வேகமாகச் சொல்ல வேண்டும்.

ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம். 2, 3 ஃபிரேம் தள்ளிப்போனாலே கண்ணுக்கு உறுத்த ஆரம்பிக்கும். இத்தனை கணக்கையும் வைத்துக்கொண்டு, இன்னொருவர் முகத்தில் இருக்கும் கோபத்தையும் அழுகையையும் தன் தொண்டையில் கொண்டுவர வேண்டும். சீதையாகவும் மன்னராகவும் மாறி மாறிப் பேசிப் பழகியவருக்கு, அடுத்தவர் முகத்துக்குள் புகுந்துகொள்வது தெரிந்த வித்தை.

நிராகரிப்பின் விளிம்பில்

'நிரபராதி'யின் நாயகி அஞ்சலிதேவி. அவர் தயாரித்த 'பூங்கோதை'யில் நடிக்கவும் சிவாஜிக்கு வாய்ப்பு வந்தது. ஆனால் முதலில் வெளியானது 'பராசக்தி'. நேஷனல் பிக்சர்ஸ் பி.ஏ.பெருமாளும் ஏவி.எம்.மும் சேர்ந்து தயாரிக்க, கலைஞர் மு.கருணாநிதி வசனம் எழுத, கிருஷ்ணன்-பஞ்சு இயக்கிய படம்.

படப்பிடிப்பு தொடங்கிய பிறகு மெய்யப்பனுக்குத் திருப்தி இல்லை. ஹீரோ ஒல்லியாக இருக்கிறார், கே.ஆர்.ராமசாமியைப் போடலாம் என்று நினைத்தார். டப்பிங்கைத் தமிழுக்குக் கொண்டுவந்த அதே மெய்யப்பன்தான்! பெருமாள் மட்டும் விடாப்பிடியாக நின்றார். படம் வளர வளர மெய்யப்பன் மனம் மாறினார். ஆரம்பத்தில் எடுத்த காட்சிகளைத் திரும்ப எடுக்கச் சொன்னார்.

1952 அக்டோபர் 17, தீபாவளி. படம் வெளியானது. நீதிமன்றக் காட்சியில் நீண்டு ஓடும் வசனத்தை ஊரே மனப்பாடம் செய்தது. அதன் பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் பெருமாள் வீட்டுக்குப் போய் ஆசி வாங்குவதை சிவாஜி வழக்கமாக வைத்திருந்தார்.

குரல் கொடுத்தவருக்கே இன்னொரு குரல்

1959-ல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்'. திருச்சியில் சின்னப் பையனாகப் பார்த்த அதே கதை. அந்தப் படத்துக்காக 1960-ல் கெய்ரோ திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது. 1964-ல் 'நவராத்திரி'யில் 9 வேடம், ஒவ்வொன்றுக்கும் பேச்சு வேறு. 1968-ல் 'திருமால் பெருமை'யில் பெரியாழ்வார், ஸ்ரீரங்கத்தோடு பிணைந்த தொண்டரடிப்பொடியாழ்வார், திருமங்கையாழ்வார் என்று 3 ஆழ்வார்களாகவும் அவரே வந்தார்.

இதற்கிடையில் சக்கரம் சுழன்றது. சிவாஜி படங்கள் தெலுங்கில் டப் ஆனபோது அவருக்குக் குரல் கொடுத்தவர் நடிகர் கொங்கரா ஜக்கய்யா. தெலுங்கு முகத்துக்குத் தமிழ் பேசியவரின் முகம், இப்போது இன்னொருவர் குரலில் தெலுங்கு பேசியது.

இப்போ என்ன மாறியிருக்கு?

லூப் போய்விட்டது. ஷூட்டிங்கில் பதிவான 'பைலட் ட்ராக்' ஒலியைக் கம்ப்யூட்டரில் ஒரு வரிசையிலும், டப்பிங்கில் பேசியதை அதன் கீழேயும் வைக்கிறார்கள். 'புரோ டூல்ஸ்' போன்ற மென்பொருளில் இரண்டின் அலைவடிவமும் கண்ணுக்குத் தெரியும். எந்த எழுத்து முந்துகிறது, எது பிந்துகிறது என்று பார்த்து இழுத்துப் பொருத்தலாம். அதைத் தானாகவே செய்யும் 'வோக்அலைன்' போன்ற கருவிகளும் உண்டு.

ஆனால் வேறு மொழிக்கு டப் செய்யும்போது அலைவடிவம் ஒத்துப்போகாது. அங்கே மறுபடியும் உதட்டைப் பார்த்துச் சொல்லைத் தேடும் வசனகர்த்தாவும், மூச்சை அளந்து பேசும் கலைஞரும்தான் வேண்டும். நேரம் பிசகினால் மென்பொருள் சரிசெய்யும். குரலில் அழுகையே இல்லை என்றால் திரும்பப் பேசித்தான் ஆகணும்.

1995-ல் பிரான்சின் செவாலியே விருது, பிறகு தாதாசாகேப் பால்கே விருது என எல்லாம் பார்த்துவிட்டு, 2001 ஜூலை 21-ல் சிவாஜி மறைந்தார். இன்றைக்கு எந்த டி.வி.யிலும் அவர் படம் ஓடினால், அடுத்த அறையில் இருப்பவர்கூட யார் பேசுவது என்று சொல்லிவிடுவார். 1951-ல் 'நிரபராதி' பார்க்கப் போனவர்களுக்கும் அதே குரல்தான் கேட்டது. யாருடையது என்றுதான் தெரிந்திருக்காது.