நாணயத்தால் உயர்ந்த துபாஷி

வில்லியனூரை அடுத்த ஒதியம்பட்டிலிருந்து புதுச்சேரிக் கடைத்தெருவுக்குப் போகிறவர்களுக்கு ரங்கப்பிள்ளை வீதி தெரியும். பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் அவருடைய மாளிகையும் நிற்கிறது. யார் அந்த ரங்கப் பிள்ளை? வெள்ளைக்காரக் கம்பெனியில் அவர் எப்படிப் பெரிய மனிதர் ஆனார்?

சிறையில் மாமா

ஆனந்தரங்கப் பிள்ளை 1709-ம் ஆண்டு சென்னைப் பெரம்பூரில் பிறந்தார். தகப்பனார் திருவேங்கடம் பிள்ளை வியாபாரி. அவருடைய மைத்துனர் நைனியப் பிள்ளை, புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகர். மைத்துனர் அழைத்ததால் குடும்பம் புதுச்சேரிக்கு வந்தது.

திடீரென்று இடி விழுந்தது! கவர்னர் எபேர், நைனியப் பிள்ளையைச் சிறையில் அடைத்தார். 1717-ல் அவர் சிறையிலேயே மாண்டார். அவர் மகன் குருவப் பிள்ளை கப்பல் ஏறிப் பிரான்சுக்குப் போய் முறையிட்டார். தந்தை குற்றமற்றவர் என்று தீர்ப்பு வாங்கினார். தந்தை வகித்த பதவியும் அவருக்குக் கிடைத்தது.

சென்னைக்குப் போய்விட்ட திருவேங்கடம் பிள்ளை, வேறு கவர்னர் வந்து அழைத்த பிறகே புதுச்சேரிக்குத் திரும்பினார்.

துபாஷியின் வேலை

துபாஷி என்றால் இரண்டு பாஷை தெரிந்தவர். ஆனால் பேச்சை மாற்றிச் சொல்வதோடு வேலை முடியாது.

கம்பெனிக் கப்பலுக்குத் துணி வேண்டும். கம்பெனி வியாபாரிகளுக்கு முன்பணம் கொடுக்கும். வியாபாரிகள் நெசவாளர்களுக்குக் கொடுப்பார்கள். துணி வந்து சேர மாதக் கணக்கில் ஆகும். கொடுத்த பணத்துக்குச் சரக்கு வருமா என்று கம்பெனிக்குக் கவலை. சரக்குக்குப் பணம் வருமா என்று வியாபாரிக்குக் கவலை. நடுவில் நிற்பவர் துபாஷி. அவர் வாக்குத் தவறினால் வியாபாரமே நின்றுவிடும்!

சொந்தப் பணம் போட்டார்

1726-ல் தகப்பனார் இறந்தார். மகனுக்கு வயது 17. தகப்பனாரிடம் மதிப்பு வைத்திருந்த கவர்னர் லெனுவார், பரங்கிப்பேட்டை வியாபாரத்தை மகனிடம் ஒப்படைத்தார். ஆனந்தரங்கர் ஆர்க்காட்டிலும் லாலாப்பேட்டையிலும் சொந்தச் செலவில் கிடங்குகள் வைத்தார். ஐரோப்பியச் சரக்கை விற்று, துணி வாங்கினார். பிற்காலத்தில் சொந்தக் கப்பலே ஓட்டினார். அதன் பெயர் ஆனந்தப்புரவி.

1746-ல் தலைமைத் துபாஷி கனகராய முதலியார் காலமானார். பதவிக்குப் போட்டி எழுந்தது. கவர்னர் டூப்ளேயின் மனைவிக்கு ஆனந்தரங்கரைப் பிடிக்காது. இருந்தும் டூப்ளே அவரையே நியமித்தார். வியாபாரிகளையும் நவாபு தர்பாரையும் அறிந்த ஆள் வேண்டியிருந்தது.

பதவி போனது

1754-ல் டூப்ளேயைப் பிரான்சு திரும்ப அழைத்துக்கொண்டது. 1756-ல் ஆனந்தரங்கரின் பதவியும் போயிற்று. 1761 ஜனவரியில், ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த சமயத்தில், அவர் மறைந்தார். அதே மாதம் நகரமும் வீழ்ந்தது.

ஆனால் அவர் எழுதிய தினக்குறிப்பு பிழைத்தது. 1736 முதல் சாகும் மாதம் வரை எழுதியது. கப்பல் வந்தது, சரக்கு விலை, யார் யாரைப் பார்த்தார், யார் கோள் சொன்னார், எல்லாம் அதில் உண்டு. தற்பெருமையும் போட்டியாளர்மேல் கசப்பும்கூட உண்டு. அவரும் மனிதர்தானே! 1846-ல் அது கண்டெடுக்கப்பட்டது. பிறகு ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வந்தது.

மேலதிகாரியின் தயவு, ஆள் மாறினால் போய்விடும். மாமாவுக்கும் மருமகனுக்கும் நடந்தது அதுதான். ஆனால் தகப்பன் சேர்த்த நல்ல பெயர், 17 வயதுப் பிள்ளைக்குக் கதவைத் திறந்தது. ஆபீசோ, ஆலையோ, கடையோ, கூட வேலை செய்கிறவர்களிடம் சேர்க்கும் நம்பிக்கையே கடைசிவரை கைகொடுக்கும் முதல்!