கத்தரிக்கோலில் பிறந்த நட்சத்திரம்: மைசூர் சாபு

மைசூர் அரண்மனை யானைக் கொட்டிலில் வளர்ந்த ஒரு பாகன் மகன், 13 வயதில் உலகப் புகழ் பெற்றான். 39 வயதில் அமெரிக்காவில் மறைந்தான். இடைப்பட்ட காலத்தில் லண்டனிலும் ஹாலிவுட்டிலும் அவன் நடித்த படங்கள் இருபதுக்கும் மேல். ஆனால் இந்தியப் படம் ஒன்றில்கூட அவன் முகம் வரவில்லை. அந்தப் பாகன் மகன்தான் சாபு.

சாபு பிறந்தது 1924 ஜனவரி 27-ந் தேதி, கபினி ஆற்றங்கரையில் உள்ள காராப்பூரில். ஹெக்கடதேவன்கோட்டை வட்டத்தைச் சேர்ந்த அந்தக் காட்டுப் பகுதி, மைசூர் மகாராஜாக்களின் வேட்டைக் களமாக இருந்தது. காட்டு யானைக் கூட்டத்தை வளைத்துக் கட்டை வேலிக்குள் ஓட்டிப் பிடிக்கும் கெட்டா முறைக்குப் பெயர் பெற்ற காக்கனகோட்டையும் பக்கத்தில்தான். சாபுவின் தந்தை மகாராஜாவின் யானைப் பாகர்களில் ஒருவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்த பையனுக்கு அரண்மனை யானைக் கொட்டிலே வீடாயிற்று. அவனுக்கு ஆதரவாக இருந்தவர் அண்ணன் ஷேக் தஸ்தகீர். பிற்காலத்தில் பல நூல்களில் சாபு தஸ்தகீர் என்று அச்சாகியிருப்பதைக் காணலாம். தஸ்தகீர் என்பது அண்ணனின் பெயர். வெளிநாட்டார் அதைக் குடும்பப் பெயராக எண்ணித் தம்பிக்கும் சூட்டிவிட்டார்கள்.

மைசூரில் ஒரு முகாம்

1935-ம் ஆண்டில் ராபர்ட் பிளாஹர்ட்டி என்ற அமெரிக்கர் படக் கருவிகளோடு மைசூருக்கு வந்தார். பனிப் பிரதேச எஸ்கிமோ ஒருவரின் வாழ்க்கையை 1922-ல் படமாக எடுத்து, செய்திப்பட உலகில் முன்னோடி என்று பெயர் வாங்கியவர். அவரை அனுப்பியவர் லண்டனில் கொடி கட்டிப் பறந்த தயாரிப்பாளர் அலெக்சாண்டர் கோர்டா. கிப்ளிங் எழுதிய, யானைகளோடு பழகும் சிறுவன் டூமாயின் கதையைப் படமாக்க வேண்டும் என்பது திட்டம்.

மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் தாராள மனதோடு உதவினார். படக் குழுவினர் தங்குவதற்குச் சித்தரஞ்சன் மகால் என்ற மாளிகையைக் கொடுத்தார். அரண்மனை யானைகளிலேயே பெரியதான ஐராவதத்தையும் கொடுத்தார். கதாநாயகச் சிறுவன்தான் கிடைக்கவில்லை. பல இடங்களில் தேடிய பிறகு, யானைக் கொட்டிலிலேயே சாபு அவர்கள் கண்ணில் பட்டான். யானையோடு பழகுவதற்கு அவனுக்கு யாரும் ஒத்திகை சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பிளாஹர்ட்டிக்கு அவசரம் என்பதே தெரியாது. கதையை மறந்து காட்டையும் ஆற்றையும் யானையையும் பையனையும் எடுத்துக்கொண்டே இருந்தார். மழைக்காலம் வந்தது, போனது. கெட்டா நடத்திக் காட்டு யானைக் கூட்டத்தையும் படம் பிடித்தார்கள். ஏறத்தாழ 3 லட்சம் அடி பிலிம் சேர்ந்துவிட்டது. தொடர்ந்து ஓட்டினால் ஐம்பது மணி நேரத்துக்கு மேல் ஓடும். கதை மட்டும் அதில் இல்லை.

டென்ஹாமில் வளர்ந்த காடு

செலவு ஏறுவதைக் கண்ட கோர்டா, 1936-ல் குழுவை லண்டனுக்குத் திரும்பச் சொன்னார். சாபுவும் அண்ணனும் கப்பலேறினார்கள். லண்டன் அருகே டென்ஹாம் ஸ்டூடியோவில் செயற்கைக் காடு போடப்பட்டது. கோர்டாவின் தம்பி சோல்டான் அங்கே வசனக் காட்சிகளை எடுத்தார். ஆங்கில நடிகர்கள் முகத்தில் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு இந்தியர்களாக வந்தார்கள். பாகர்களின் தலைவன் மச்சுவா அப்பாவாக நடித்தவர் ஆலன் ஜீயஸ் என்ற ஆங்கிலேயர்.

பிறகு வேலை எடிட்டிங் அறைக்குப் போயிற்று. அங்கே இருந்தவர் சார்லஸ் கிரைட்டன் என்ற இளைஞர். பிற்காலத்தில் இவரே புகழ் பெற்ற டைரக்டரானார். மைசூர்ச் சுருளில் ஒரு துண்டு, டென்ஹாம் சுருளில் ஒரு துண்டு என்று வெட்டி ஒட்ட வேண்டும். கபினிக் கரையில் பையன் தலையைத் திருப்புவான். அவன் பார்க்கும் மனிதர் ஆயிரக்கணக்கான மைல் தாண்டி லண்டனில் நிற்பார். வெயில் ஒத்துவர வேண்டும், உடை ஒத்துவர வேண்டும், பார்வையின் திசை ஒத்துவர வேண்டும். ஒன்று தவறினாலும் ஒட்டு வெளியே தெரிந்துவிடும். ஐம்பது மணி நேரச் சுருளிலிருந்து எண்பது நிமிடப் படம் ஒன்று பிறந்தது. இன்று பார்த்தாலும், கூர்ந்து நோக்குபவர்களுக்கு மைசூர் வெளிச்சம் எது, ஸ்டூடியோ விளக்கு எது என்று பிடிபடும்.

யானைச் சிறுவன் என்னும் பெயரில் 1937-ல் வெளிவந்த அந்தப் படம், வெனிஸ் விழாவில் சிறந்த டைரக்ஷனுக்கான பரிசைப் பெற்றது. பரிசைப் பிளாஹர்ட்டிக்கும் சோல்டானுக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். இரண்டு பேர் இரண்டு நாடுகளில் எடுத்ததை ஒட்டிய படத்துக்கு வேறு எப்படிக் கொடுப்பது? ஆனால் மக்கள் நினைவில் நின்றது இவர்கள் இருவரும் அல்ல, சாபுதான்.

இந்த இடத்தில் வேறொரு தமிழரை நினைக்காமல் இருக்க முடியாது. அதே 1937-ல்தான், பிறர் எடுத்து வைத்த படத்துண்டுகளைத் தேடித் திரட்டிக் காந்தியடிகளின் வாழ்க்கையைப் படமாக்கும் எண்ணம் ஏ. கே. செட்டியாருக்குத் தோன்றியது. கண்டம் கண்டமாக அலைந்து அவர் சேர்த்த துண்டுகள் 1940-ல் முழுப்படமாகிச் சென்னையில் திரையேறின. ஒட்டு வேலை என்று இகழ முடியாத ஒட்டு வேலை அது. சாபுவின் வாழ்க்கையிலோ அதே வித்தை நல்ல விதமாகவும் வந்தது, கெட்ட விதமாகவும் வந்தது.

உயர்வு

கோர்டா சாபுவை விடவில்லை. பள்ளியில் சேர்த்து ஆங்கிலம் கற்பித்தார். 1938-ல் வந்த முரசு என்ற படத்தில் எல்லைப்புற இளவரசனாக நடிக்க வைத்தார். எல்லைப்புற மாகாணத்துச் சித்ரால் மலைகளில் எடுத்த துண்டுகளையும் வேல்ஸ் நாட்டு மலைகளில் எடுத்த காட்சிகளையும் சேர்த்துத் தைத்த படம் அது. வெள்ளை ஆட்சியைப் போற்றுகிறது என்று பம்பாயிலும் சென்னையிலும் எதிர்ப்பு கிளம்பியது. பதினான்கு வயதுப் பையனுக்கு இந்த அரசியலெல்லாம் எவ்வளவு புரிந்திருக்கும்? ஆனால் பிறந்த நாட்டில் அவர் பெயர் மீது விழுந்த முதல் நிழல் அது.

அடுத்தது பாக்தாத் திருடன். 1939-ல் டென்ஹாமில் தொடங்கிய படப்பிடிப்பை யுத்தம் குறுக்கிட்டது. மீதியை அமெரிக்காவில் எடுத்தார்கள். டைரக்டர்கள் ஒருவர் பின் ஒருவராக மாறினார்கள். அதற்குள் சாபு வளர்ந்துவிட்டதால், முன்னே எடுத்த துண்டுகளோடு ஒட்டாத காட்சிகளைத் திரும்ப எடுக்க வேண்டி வந்தது. இத்தனை குழப்பத்துக்குப் பிறகும் 1940-ல் வந்த படம் மூன்று ஆஸ்கார் பரிசுகளைத் தட்டிச் சென்றது. சாபுவின் படங்களில் சிறந்தது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும். 1942-ல் வந்த ஜங்கிள் புக்கில் அவர் மௌக்ளியாக நடித்தார். அதுவும் கலிபோர்னியாவில் போட்ட காடுதான்.

1944-ல் சாபு அமெரிக்கக் குடிமகனானார். யுத்த விமானப் படையில் சேர்ந்து, பி-24 குண்டுவீச்சு விமானத்தில் துப்பாக்கி வீரராகப் பசிபிக் போர்முனையில் பலமுறை பறந்தார். வீரத்துக்கான பறத்தல் சிலுவைப் பதக்கமும் பெற்றார். இந்தப் பகுதியில் வெட்டும் இல்லை, ஒட்டும் இல்லை.

துண்டுப் படங்கள்

திரும்பி வந்தபோது காலம் மாறியிருந்தது. 1947-ல் பிளாக் நார்சிசஸ் என்ற நல்ல படம் ஒன்று கிடைத்தது. இங்கிலாந்தில் வரைந்து வைத்த இமயமலைக்கு முன்னால் சாபு இளம் ஜெனரலாக நின்றார். 1948-ல் மர்லின் கூப்பர் என்ற நடிகையை மணந்தார். ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தார்கள். ஆனால் கீழைநாட்டு மாயாஜாலப் படங்களின் மோகம் தணிந்துவிட்டதால் வாய்ப்புகள் குறைந்தன. லண்டனில் சர்க்கஸில் யானைகளோடு தோன்றினார். இத்தாலியில் டி சிக்காவோடு ஒரு யானைப் படத்தில் நடித்தார். எங்கே போனாலும் யானை கூடவே வந்தது.

தாய்நாட்டிலிருந்தும் ஒரு அழைப்பு வந்தது. மெஹபூப் கான், மதர் இந்தியா படத்தில் பிர்ஜு வேடத்துக்குச் சாபுவை நினைத்திருந்தார். இந்தியாவில் வேலை செய்வதற்கான அனுமதி அமெரிக்கக் குடிமகனான அவருக்குக் கிடைக்கவில்லை. அந்த வேடம் சுனில் தத்துக்குப் போயிற்று. 1957-ல் அந்தப் படம் பெற்ற பெயரை வாசகர்கள் அறிவார்கள்.

அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் சாபுவை வைத்து நடந்ததோ வேறு கதை. அவரைக் கதாநாயகனாக்கித் தொலைக்காட்சித் தொடருக்கென்று சில சுருள்கள் எடுத்தார்கள். வாங்க ஆளில்லை. எடுத்த பிலிமை வீணாக்க முதலாளிகளுக்கு மனம் வருமா? அதை எடுத்து, கிடங்கில் கிடந்த பழைய படங்களின் யானைக் கூட்டங்களையும் காட்டு மிருகங்களையும் இடையிடையே செருகி, முழுநீளப் படமாக்கினார்கள். 1956-ல் வந்த ஜங்கிள் ஹெல் அப்படிப் பிறந்ததுதான். கதைக்குச் சற்றும் ஒட்டாத பறக்கும் தட்டு ஒன்றும் அதில் வந்து போகும்! அடுத்த ஆண்டு, விற்காத இரண்டு தொலைக்காட்சிப் படங்களை ஒட்டிச் சாபுவும் மந்திர மோதிரமும் என்று இன்னொன்றை வெளியிட்டார்கள்.

ஹாலிவுட்டுக்கு இது புதிதல்ல. பெரிய ஸ்டூடியோக்கள் எடுத்து மிஞ்சிய பிலிமைக் கிடங்கில் சேர்த்து வைக்கும். புதுப் படத்துக்குக் காடோ போரோ வெள்ளமோ தேவையென்றால் அதிலிருந்து நறுக்கிக்கொள்வார்கள். 1931-ல் ஆப்பிரிக்காவுக்கே போய் எடுத்த டிரேடர் ஹார்ன் படத்தின் துண்டுகளை, மறு ஆண்டே டார்ஜான் படத்தில் சேர்த்தார்கள். அதோடு பொருந்த வேண்டுமே என்று, ஸ்டூடியோவில் நின்ற ஆசிய யானைகளுக்குப் பெரிய பொய்க் காதுகளையும் மாட்டினார்கள். யானையின் காதைப் பார்த்தே அது எந்த நாட்டு யானை என்று மைசூர்க் கொட்டிலில் சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். அந்தக் கொட்டிலில் வளர்ந்த சாபு, வேறு யாரோ எங்கோ எடுத்த யானைகளைத் தன் எதிரில் நிற்பதுபோல் பாவித்து வெறும் இடத்தைப் பார்த்து நடிக்க வேண்டியிருந்தது. ஐராவதத்தின் முதுகில் ஏறி ஆற்றில் இறங்கிய பையனுக்கு வந்த நிலை இது.

1960-ல் அண்ணன் ஷேக் தஸ்தகீர், கடையில் நடந்த கொள்ளையின்போது சுட்டுக் கொல்லப்பட்டார். மைசூரிலிருந்து கூடவே கப்பலேறி வந்த ஒரே உறவு அது.

1963 டிசம்பர் 2-ந் தேதி, கலிபோர்னியாவில் சாட்ஸ்வொர்த் என்ற ஊரில் மாரடைப்பால் சாபு காலமானார். நாற்பது நிறைய இரண்டு மாதம்கூட இல்லை. ஹாலிவுட் குன்றுகளில் உள்ள பாரஸ்ட் லான் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். வால்ட் டிஸ்னி நிறுவனத்துக்காக அவர் நடித்து முடித்திருந்த கடைசிப் படம் மறு ஆண்டு வெளிவந்தது. சர்க்கஸிலிருந்து தப்பிய ஒரு புலியின் கதை அது. சாபு அதில் புலியைப் பார்த்துக்கொள்ளும் இந்தியராக வருகிறார்.