துயரத்தில் தோள் கொடுத்தவர்

சுவாமி விவேகானந்தர் என்றதும் 1893-இல் சிகாகோ சர்வசமயப் பேரவையில் எழுந்து நின்ற வீரத்துறவியின் திருவுருவமே நம் மனக்கண்முன் தோன்றுகிறது. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், தந்தையை இழந்து, பசித்த வயிற்றுடன் கல்கத்தாத் தெருக்களில் வேலை தேடி அலைந்த மாணவராக அவர் இருந்தார். அந்த இளைஞரையும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

1863 ஜனவரி 12-ஆம் நாள் பிறந்த நரேந்திரநாதர் வறுமையை அறியாமல் வளர்ந்தவர். தந்தையார் விசுவநாத தத்தர் கல்கத்தா உயர்நீதிமன்ற வழக்கறிஞர். கேட்டவர்க்கெல்லாம் அள்ளிக் கொடுத்தவர். இசை, தத்துவம், உடற்பயிற்சி, நண்பர் குழாம் என்று மகனின் கல்லூரி நாட்கள் இனிதே கழிந்தன.

1884 பிப்ரவரி மாதம். நரேந்திரர் பி.ஏ. தேர்வு எழுதி முடித்திருந்தார். ஒருநாள் வராகநகரில் நண்பரின் இல்லத்தில் பாட்டும் பேச்சுமாக இரவு கழிந்துகொண்டிருந்தபோது, தந்தையார் மாரடைப்பால் காலமானார் என்ற செய்தி வந்தது. அப்போது அவருக்கு வயது 21.

அழுவதற்கும் அவகாசம் கிடைக்கவில்லை. தந்தையார் விட்டுச் சென்றது கடனே என்பது விரைவில் தெரிந்தது. கடன்காரர்கள் வாசலில் நின்றனர். உறவினர்கள் வீட்டுக்கு உரிமை கோரி வழக்குத் தொடுத்தனர். அன்னை புவனேசுவரி தேவியையும் தம்பி தங்கையரையும் காக்கும் பொறுப்பு மூத்த மகனின் தோளில் விழுந்தது. சட்டம் பயின்றுகொண்டே, வெறுங்காலுடன் கடும் வெயிலில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். எங்கும் கதவு திறக்கவில்லை. வீட்டில் உணவு போதாத நாட்களில், வெளியில் விருந்துக்கு அழைப்பு இருப்பதாக அன்னையிடம் கூறிவிட்டுப் பட்டினி கிடந்தார்.

செல்வ நண்பர்கள் பலர் விலகினர். நிலைமையை உணர்ந்த ஒரு நண்பர் மட்டும், தம் பெயரை வெளியிடாமல் அவ்வப்போது அன்னைக்குப் பணம் அனுப்பி வந்தார்.

காலையில் இறைநாமம் சொல்லி எழுவது நரேந்திரரின் வழக்கம். ஒருநாள் அதைக் கேட்ட அன்னை, துயரம் தாளாமல் கடிந்துகொண்டார். அந்தச் சொல் மகனின் நெஞ்சைத் தைத்தது. கருணை வடிவான கடவுளின் உலகில் இத்தனை துன்பம் ஏன் என்று வெளிப்படையாகவே வாதிட்டார். நாத்திகராகிவிட்டார், நெறி தவறிவிட்டார் என்று ஊரார் பேசினர். பழகியவர்களிலும் சிலர் அதை நம்பினர்.

நம்பாதவர் ஸ்ரீராமகிருஷ்ணர். நரேந்திரரின் மீது அவர் கொண்ட நம்பிக்கை அணுவளவும் குறையவில்லை. அக்குடும்பம் உணவின்றி வாடுவதாகவும், நண்பர்கள் உதவினால் நன்று என்றும் தம்மிடம் வந்த ஒருவரிடம் கேட்டுக்கொண்டார். தன்மானம் மிக்க நரேந்திரர் அதற்காகக் கோபித்துக்கொண்டபோது, அவருக்காக வீடு வீடாகப் பிச்சையெடுக்கவும் தாம் தயங்கப்போவதில்லை என்று கண்ணீருடன் கூறினார்.

மழைக்காலத்தில் ஒருநாள், பகலெல்லாம் உண்ணாமல் நனைந்து களைத்த நரேந்திரர் யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் சாய்ந்தார். அங்கே அவருடைய மனத்தை மூடியிருந்த திரைகள் ஒவ்வொன்றாக விலகின. பின்னர் ஒருநாள், குடும்பத்தின் வறுமை நீங்க வேண்டுமாறு குருதேவர் அவரைத் தட்சிணேசுவரக் காளி சந்நிதிக்கு அனுப்பினார். மும்முறை சென்றும் அவரால் பொருள் கேட்க இயலவில்லை. விவேகம், வைராக்கியம், ஞானம், பக்தி ஆகியவற்றையே வேண்டினார். அவர் குடும்பத்திற்கு எளிய உணவுக்கும் உடைக்கும் குறைவிராது என்று குருதேவர் அருளினார்.

துன்பம் ஒரே நாளில் தீர்ந்துவிடவில்லை. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீடித்தது. வழக்கறிஞர் அலுவலக வேலை, மொழிபெயர்ப்பு, சிறிது காலம் பள்ளி ஆசிரியப் பணி எனக் கிடைத்ததைச் செய்து குடும்பத்தைக் காத்தார். துறவியான பின்னும் அன்னையை மறந்தாரில்லை. கேத்ரி மன்னர் அஜித்சிங்கிடம் அன்னைக்காக உதவி கோரினார். பசித்தவனுக்கு முதலில் உணவு என்று பின்னாளில் அவர் முழங்கியது, தாமே பசித்திருந்து அறிந்த உண்மை.

கல்லூரிப் பருவத்தில் பெற்றோரை இழந்த மாணவர் இன்று நம் அருகிலும் இருக்கலாம். அவர் வகுப்பில் கவனமின்றி இருக்கலாம், எரிந்து விழலாம், வழிபாட்டையே வெறுக்கலாம். அவரை உடனே எடைபோட்டுவிட வேண்டாம். குருதேவரைப் போல அவரை நம்புவோம். பெயர் சொல்லாத அந்த நண்பரைப் போல அவர் வீட்டின் தேவையறிந்து உதவுவோம். இழப்பில் தவிக்கும் மாணவரோ, தம் கோபத்தையும் ஐயத்தையும் கண்டு தாம் கெட்டுவிட்டதாக எண்ண வேண்டாம். நரேந்திரரும் அவ்வழியே நடந்தவர்தாம்.