வேலைக்குப் பொருத்தம் பார்த்தவர்

கலியாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பார்கள். வேலைக்குப் பொருத்தம் பார்த்தவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் பிராங்க் பார்சன்ஸ். அமெரிக்கர். 1854-ம் ஆண்டில் பிறந்தவர்.

என்ஜினீயருக்குப் படித்து, ரெயில்வே கம்பெனியில் சேர்ந்தார். கம்பெனி திவால் ஆகிவிட்டது! பிறகு இரும்பு ஆலையில் கூலி, அப்புறம் பள்ளி ஆசிரியர், வக்கீல். பாஸ்டன் நகர மேயர் தேர்தலில் நின்று தோற்கவும் செய்தார். வேலை தேடி அலைவது அவருக்குத் தெரியாதா?

1908 ஜனவரியில், பிழைக்க வந்த ஏழைகள் நிறைந்த பாஸ்டன் வட்டாரத்தில் தொழில் ஆலோசனை நிலையம் தொடங்கினார். வருகிறவரிடம் 100-க்கு மேற்பட்ட கேள்விகள் கொண்ட படிவத்தைக் கொடுப்பார். வீட்டில் தனியாக உட்கார்ந்து எழுதவேண்டும்.

"நீ உழைப்பாளியா?" என்றால் யார் இல்லை என்பார்கள்? ஆகவே, சின்னச் சின்னக் கேள்விகளாகவும் கேட்டார். என்ன படிக்கிறாய்? மாலைப் பொழுதை எப்படிக் கழிக்கிறாய்? சம்பாதித்ததை எதில் செலவிடுகிறாய்? குளிக்கும் வழக்கத்தைக்கூட விடவில்லை! கண்ணாடியில் பார்த்துக்கொள், சிநேகிதரையும் கேள் என்பார். பிறகு நேரில் பேசி, எழுதியது சரிதானா என்று கவனிப்பார். தலையின் அமைப்பையும் பார்ப்பாராம். அது வீண் வேலை. இன்று அதை விஞ்ஞானிகள் ஏற்பதில்லை.

ஒவ்வொரு தொழிலுக்கும் வேண்டிய திறமை, கிடைக்கும் கூலி ஆகியவற்றையும் எடுத்துச் சொல்வார். இரண்டையும் ஒப்பிட்டு முடிவு செய்யவேண்டியவர் வந்தவரே.

மே மாதத்துக்குள் 80 பேர் வந்தார்கள். இளையவருக்கு வயது 15. மூத்தவருக்கு 72!

செப்டம்பரில் பார்சன்ஸ் இறந்தார். வயது 53. அவருடைய கேள்விகள் 1909-ல்தான் புத்தகமாக வெளிவந்தன.